எஞ்சினியரிங் மாணவர்களுக்குத் தாராளமாக மெரிட் ஸ்காலர்ஷிப் தரும் அமெரிக்கக் கல்லூரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான்: மகள் அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு, நல்ல மதிப்பெண், எஞ்சினியரிங் என்பது முடிவாகிவிட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கிடைக்கும் உதவிக்குத் தகுதி வராது, அதற்காக வருடத்துக்கு 80,000 டாலர் கட்டவும் வழியில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு இந்தத் தேடலை முடித்திருக்கிறோம், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ரேங்க் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பதை விட்டுவிடுங்கள். எம்ஐடி, கால்டெக், ஸ்டான்ஃபோர்ட், ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் இளநிலைப் படிப்பில் மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. அங்கே கிடைக்கும் உதவி முழுக்க வருமானத்தை வைத்துத்தான், ஏனென்றால் பணம் கொடுத்து ஆள் பிடிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு இல்லை. மெரிட் ஸ்காலர்ஷிப்பைப் பரிசு என்று நினைக்காதீர்கள், அது கல்லூரி தரும் தள்ளுபடி. வேறு இடத்துக்குப் போய்விடக்கூடிய நல்ல மாணவரை, பெரும்பாலும் வெளி மாநிலத்தவரை, இழுப்பதற்காகத் தருவது. அதனால் உங்கள் மகள் சேர முடிகிற கல்லூரிகளிலேயே பெரியது எது என்று தேடினால் பணம் கிடைக்காது, அவர் சேர்ந்தால் தங்களுக்கு லாபம் என்று எந்தக் கல்லூரி நினைக்கும் என்று தேட வேண்டும்.

இதற்கு நல்ல ஆதாரம் காமன் டேட்டா செட், அதாவது கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரங்களை ஒரே மாதிரிப் படிவத்தில் வெளியிடும் ஆவணம். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கிடைக்கும். அதில் சி9 என்ற பகுதியில், சேர்ந்த மாணவர்களின் எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் இருக்கும், உங்கள் மகளின் மதிப்பெண் அதில் 75-வது பெர்சென்டைலுக்கு மேலே, அதாவது முதல் கால்வாசிப் பேருக்குள் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து ஹெச்2ஏ என்ற பகுதி. பணத்தேவை இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கொடுத்தது, சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். அந்த எண்ணிக்கையை முதலாண்டு மாணவர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சராசரி பெரிதாக இருந்தும் வாங்கியவர்கள் நூற்றுக்கு ரெண்டு பேர் என்றால் அது லாட்டரி, அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. கன்சல்டன்ட்டுகள் பணம் வாங்கிக்கொண்டு சொல்வதில் பாதி இந்த ஆவணத்தில் இலவசமாக இருக்கிறது.

சில பல்கலைக்கழகங்களில் போட்டியே கிடையாது, ஜிபிஏ (பள்ளிப் பாடங்களின் சராசரி கிரேடு) இவ்வளவு, எஸ்ஏடி இவ்வளவு என்றால் தொகை இவ்வளவு என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது, பிஎஸ்ஏடி தேர்வை வைத்து நடக்கும் தேசியப் போட்டியில் நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்ட் என்றால் இன்னும் தாராளம். ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் இன்னொரு அலபாமா பல்கலைக்கழகத்தைப் பலர் யோசிப்பதே இல்லை, ஆனால் நாசாவின் மார்ஷல் மையம் அதே ஊரில்தான், ஏரோஸ்பேஸ் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். டெக்சஸில் ஒரு விதி இருக்கிறது: அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தால், வெளி மாநில மாணவரிடமும் அந்த மாநிலத்தவருக்கான உள்ளூர்க் கட்டணமே வாங்கலாம். அந்த ஆயிரம் டாலரை விட, அதனால் குறையும் கட்டணம் பல மடங்கு. டாலஸில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை (யூடி டாலஸ்) இந்தக் கணக்கோடு பாருங்கள். மேற்கு மாநிலங்களில் இருந்தால், அங்குள்ள வேறு மாநிலக் கல்லூரிகளில் சலுகைக் கட்டணம் தரும் வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் திட்டம் இருக்கிறது, உள்ளூர்க் கட்டணத்தில் 150 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆனால் சில கல்லூரிகள் எஞ்சினியரிங்கை அதில் சேர்ப்பதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்சி) ஸ்காலர்ஷிப்புகள், என்சி ஸ்டேட்டின் பார்க் ஸ்காலர்ஷிப், ஜார்ஜியா டெக்கின் ஸ்டாம்ப்ஸ் ஸ்காலர்ஷிப் எல்லாம் கடும் போட்டி ரகம். விண்ணப்பியுங்கள், ஆனால் பட்ஜெட்டில் எழுதாதீர்கள். தேதியில் மட்டும் கவனம்: பல இடங்களில் நவம்பர் 1 ஏர்லி ஆக்ஷன் (முன்கூட்டியே விண்ணப்பிக்கும்) தேதியைத் தவறவிட்டால் சேர்க்கை கிடைக்கலாம், ஸ்காலர்ஷிப் கிடையாது. எஸ்ஏடி கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரியும் ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும் மதிப்பெண் கேட்பதுண்டு. கப்பல் வடிவமைப்பில் நிஜமான ஆர்வம் இருந்தால் நியூயார்க்கில் வெப் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது, சேரும் எல்லோருக்கும் முழு டியூஷனையும் கல்லூரியே ஏற்கிறது. ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், படிப்பும் அது ஒன்றுதான்.

எஞ்சினியரிங்குக்கே உரிய சிக்கல்கள் வேறு. ஸ்காலர்ஷிப் தொடர வேண்டும் என்றால் குறிப்பிட்ட ஜிபிஏ வேண்டும், பல இடங்களில் 3.0, சில இடங்களில் அதற்கும் மேல். பள்ளியில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று தோன்றும். முதல் வருடம் கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் ஒன்றாக வரும்போதுதான் தெரியும். எனவே ஜிபிஏ ஒரு செமஸ்டர் கீழே போனால் உடனே வெட்டுவார்களா, மீட்டெடுக்க அவகாசம் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்காலர்ஷிப் எட்டு செமஸ்டரோடு முடியும். படிப்பின் நடுவில் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்யும் கோ-ஆப் போனால் படிப்பு ஐந்தாவது வருடத்துக்கு இழுக்கலாம், அந்த இடைவெளியில் ஸ்காலர்ஷிப் நிறுத்தி வைக்கப்படுமா, காலாவதியாகுமா என்பதையும் கேளுங்கள். பல அரசுப் பல்கலைக்கழகங்கள் எஞ்சினியரிங் பிள்ளைகளிடம் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன, முகப்புப் பக்கத்தில் போடும் டியூஷனில் அது இருக்காது.

பணம் கிடைத்து, விரும்பிய பிரிவு கிடைக்காமல் போவதும் உண்டு. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பொதுவாக முதல் வருடம் பொது எஞ்சினியரிங்தான், அப்புறம்தான் பிரிவு ஒதுக்கீடு. 3.75 ஜிபிஏ இருந்தால் கேட்ட பிரிவு உறுதி, இல்லையென்றால் போட்டி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும்தான் என்று இருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் ஹெச்-1பி வேலை விசா, மகள் உங்களைச் சார்ந்த ஹெச்-4 விசா என்றால் ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. ஆனால் கல்லூரி தன் பணத்தில் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் பல இடங்களில் விசா பார்க்காமல் கிடைக்கிறது, சில இடங்களில் கிடைப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும்போது உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியில் ஒப்பிட வேண்டியது கையிலிருந்து போகும் தொகையை. வாட்ஸ்அப் குழுவில் "எங்க பையனுக்கு வருஷம் 35,000" என்று போடுபவர்கள் மிச்சம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று போட மாட்டார்கள். 2013-லிருந்து பல வருடங்கள் டியூஷனை உயர்த்தாமல் வைத்திருந்த அரசுப் பல்கலைக்கழகமான பர்டூ, ஸ்காலர்ஷிப்பே இல்லாமலும் சில தனியார் கல்லூரிகளின் தள்ளுபடி விலையை விட மலிவாக முடியலாம். உதவி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிட, கல்லூரித் தளங்களில் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் ஜிபிஏ, எஸ்ஏடி கேட்டால் மெரிட்டையும் கணக்கில் எடுக்கிறது என்று அர்த்தம், கேட்கவில்லை என்றால் அது காட்டும் தொகையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சேர்ந்த பிறகும் வழி இருக்கிறது. பல எஞ்சினியரிங் துறைகளில் இரண்டாம் ஆண்டிலிருந்து தனி ஸ்காலர்ஷிப்புகள் உண்டு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு முடிவதற்கு முன்பே துறை அலுவலகத்தில் தேதியைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.