வீட்டில் செய்த ட்ரெய்லரை நம்பி ஊட்னடாட்டா பாதையில் போகலாமா?

"ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருக்கிறது. சின்ன ட்ரெய்லர் ஒன்றை நானே செய்து குடும்பத்தோடு தென் ஆஸ்திரேலியாவின் நீண்ட மண் பாதையான ஊட்னடாட்டா பாதையில் போக ஆசை. போகலாமா, இல்லை கடன் வாங்கியாவது கம்பெனி கேம்ப்பர் ட்ரெய்லர் வாங்குவதுதான் பாதுகாப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம்.

வீட்டுக் கராஜில் மிக் வெல்டர் வைத்துப் பழகிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். "வீட்டில் செய்ததெல்லாம் பாதி வழியில் கழன்று விழும்" என்று யாரோ பயமுறுத்தியும் இருப்பார்கள். என்னையும் அப்படித்தான் பயமுறுத்தினார்கள். நான் கோயம்புத்தூரில் ஐடிஐ முடித்து, பட்டறையில் கை பழகி, இப்போது அடிலெய்டில் அதே வெல்டிங் வேலை பார்ப்பவன். ஆகவே இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை.

என் வண்டி பழைய பிராடோ. ட்ரெய்லருக்கும் அதே ஆறு போல்ட் சக்கரம், அதே டயர். ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். சக்கர இடைவெளியையும் வண்டியோடு பொருத்தினேன். மணலில் வண்டி போட்ட தடத்திலேயே ட்ரெய்லரும் வரும், தனியாக உழாது. பட்டை ஸ்பிரிங், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பேரிங், மேலே ஒரு பெட்டி, அவ்வளவுதான். பாரம் ஏற்றிய பிறகும் ட்ரெய்லரின் சக்கரங்களில் விழும் எடை 750 கிலோவைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டேன். இங்கே அந்த எடை வரைக்கும் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கேட்பதில்லை. தாண்டினால் பிரேக் கட்டாயம். சிறு ட்ரெய்லர் செய்வோருக்கென்றே வி.எஸ்.பி. 1 என்ற அரசு வழிகாட்டி இருக்கிறது. இரும்பு வாங்கும் முன் அதைப் படியுங்கள், பதிவுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் மாநிலத்திலும் கேட்டுவிடுங்கள்.

இனி பாதை. மாரீயிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கிலோமீட்டர். வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா என்று இருநூறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர், அங்கேதான் பெட்ரோல். 1980இல் மூடிய பழைய கான் ரயில் பாதை கூடவே வரும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே, அதனால் ஊற்றுகளை ஒட்டியே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அந்த இடிந்த நிலையங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். ட்ரெய்லரைக் கொல்வது பள்ளமோ பாறையோ அல்ல. கிலோமீட்டர் கணக்கில் விடாமல் வரும் அந்த வரிவரியான சிறு மேடுகள்தான் கொல்லும். எங்களுக்கு நடந்ததும் அப்படி ஓர் இடத்தில்தான்.

கவர்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டி வில்லியம் க்ரீக் போகும் வழியில் வயதான தம்பதி ஒருவர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடையது விலை உயர்ந்த கம்பெனி ட்ரெய்லர், பெயர் வேண்டாம். டிரா பார், அதாவது ட்ரெய்லரை வண்டியின் கொக்கியோடு இணைக்கும் நீண்ட இரும்பு, பெட்டியின் முன் விளிம்பைத் தொடும் இடத்தில் அடியிலிருந்து பாதிக்கு மேல் விரிசல். குனிந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. கொக்கி ஒரு முனையிலும் ஆக்சில் மறு முனையிலும் தாங்க, நடுவில் பாரம் உட்கார்ந்திருக்கிறது. அடிப்பக்க இரும்புதான் அதிகம் இழுபடும். அந்த அடிப்பக்கத்திலேயே குறுக்கே ஒரு வெல்டு ஓட்டியிருந்தார்கள். விரிசல் அந்த வெல்டின் ஓரத்தில் தொடங்கி மேலே ஏறியிருந்தது.

என்னுடையதில் டிரா பார் இரண்டும் பெட்டிக்கு அடியில் ஸ்பிரிங் தாங்கி வரை ஓடும். வெல்டெல்லாம் பக்கவாட்டில், நீளவாக்கில். அடியில் குறுக்கே ஒரு பொட்டு வெல்டு கிடையாது. நீங்கள் செய்யும்போது இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் எப்போதும் ஆங்கிள் துண்டுகள், யு போல்ட், வெல்டிங் ராடு, அதைப் பிடிக்கும் ஹோல்டர், முகமூடி எடுத்துப் போவேன். இரண்டு வண்டிகளின் பேட்டரிகளையும் கழற்றித் தூரமாகத் தரையில் வைத்து, வரிசையாக இணைத்து வெல்டிங்குக்கு 24 வோல்ட் எடுத்தோம். ட்ரெய்லரைக் கார்களிலிருந்து முழுதாகப் பிரித்தோம். ஜாக்கி வைத்து விரிசலை மூடி, அதன் மேல் வெல்டு ஓட்டி, இருபுறமும் ஆங்கிள் வைத்து நீளவாக்கில் அடித்து, மேலே யு போல்ட்டும் போட்டேன். அவர்கள் மெதுவாக ஓட்டிக் கூபர் பெடி போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு செய்தி அனுப்பினார்கள்.

"பேட்டரியில் வெல்டிங்கா, வெடித்துவிடும்" என்று எழுத வருகிறவர்களுக்கு: உண்மை, ஹைட்ரஜன் இருக்கிறது, தொழில் தெரியாதவர் தொடக்கூடாது. "ஒரு ட்ரெய்லரை வைத்து எல்லாக் கம்பெனியையும் குறை சொல்கிறீர்கள்" என்பவர்களுக்கு: சொல்லவில்லை. நன்றாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். விலைச் சீட்டைப் பார்த்து உறுதியை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பொங்கல் விழாவில் நம் ஆட்கள் "என்ன வேலை" என்று கேட்பார்கள். வெல்டர் என்றதும் சிலர் முகம் மாறும், பேச்சு வேறு பக்கம் போகும். என் மகள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். அந்தச் செம்மண்ணில் அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதையும் அவள் பார்த்தாள். நம்மவர்கள் ஏன் இப்படி இருக்கிறோம் என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

சரி, மிச்சம். தண்ணீர், டீசல் கேன்களை ஆக்சிலுக்கு மேலேயே அடுக்குங்கள். பின்னால் பாரம் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழட்டும். மண் பாதை தொடங்கும் இடத்திலேயே டயர் காற்றை இறக்குங்கள், 28 பி.எஸ்.ஐ. பக்கம் எனக்குச் சரியாக இருந்தது, ட்ரெய்லருக்கு இன்னும் குறைவு. வேகம் 70ஐத் தாண்ட வேண்டாம். நிறுத்தும்போதெல்லாம் சக்கர மையத்தில் கை வையுங்கள், கை பொறுக்காத சூடு என்றால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மழை பெய்தால் பாதையை மூடுவார்கள், மூடிய பாதையில் போனால் பெரிய அபராதம்.

அடுத்து சிம்சன் பாலைவனம் என்று ஆசை வரும். ட்ரெய்லரோடு வேண்டாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணல் மேடுகள், என் ட்ரெய்லரையே அங்கே நான் கொண்டுபோக மாட்டேன். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை எப்படியும் மூடியிருக்கும். டிரா பார் வரைபடம் போட்டுவிட்டீர்கள் என்றால் வெல்டு போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.