கோழிக்கும் வெயில் உறைக்கும்

கேள்வி: வீட்டின் பின்புறம் தகரக் கூரையிட்ட கூண்டில் ஏழு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். மே மாத நண்பகலில் அவை அலகைத் திறந்து மூச்சிரைக்கின்றன. முட்டை ஓடும் மெலிந்துவிட்டது. குளிர்ந்த மலையூரிலும் இப்படி நேருமா?
– வாசகி ஒருவர், கோத்தகிரி

பதில்: நேரும். மலைக்காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் சுள்ளென்று உறைப்பதால், தகரம் அச்சூட்டை வாங்கிக் கூண்டை அடுப்பாக்கிவிடுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் உடல் வெப்பமுள்ள அது, கொண்டை, தாடி வழியாகவும் மூச்சிரைத்துமே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அவ்வாறு இரைக்கையில் இரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுவதால், ஓடு உருவாகத் தேவையான சுண்ணாம்புப் பொருள் குறைகிறது. ஆகவே கிளிஞ்சல் தூளை மட்டும் கூட்டி வைப்பதால் இக்குறை தீர்ந்துவிடாது.

முதல் வேலையாகக் கூரைமேல் வைக்கோலையோ காய்ந்த புல்லையோ தடிமனாகப் பரப்பிவிட்டு, பக்கப் பலகைகளுள் இரண்டையேனும் அகற்றிக் கம்பிவலை அடியுங்கள் (கீரி நுழையாத நெருக்கமான வலையாக இருக்கட்டும்). தண்ணீரை நிழலில் மண்சட்டியில் வைத்து, நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள். செரிமானமும் உடற்சூட்டைக் கூட்டுமாதலால், தீவனம் காலையிலும் மாலையிலும் போதும். ஈரச் சாக்கு தொங்கவிட்டால், பொழுது சாயுமுன் எடுத்துவிடுங்கள். உங்கள் ஊர் இரவுக்கு அது ஆகாது.