டீமில் இல்லாதவள் – கடிதம்

வணக்கம் சார்,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு, தனியார் பள்ளி. இந்த வருடம் ‘என்ரிச்மென்ட் புரோகிராம்’ என்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, செஸ், பரதம், மேடைப் பேச்சு. இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்றுக்கு டேர்முக்கு 4,000 ரூபாய். எதில் சேர்த்தால் பின்னால் காலேஜ் அட்மிஷனுக்குப் பயன்படும்? பத்தாம் வகுப்பு நெருங்குகிறது, மார்க் குறைந்துவிடுமோ என்றும் பயம். என்.சி.சி.யில் சேர்க்கலாமா? பெண் பிள்ளையைப் பத்து நாள் கேம்ப்புக்கு அனுப்பலாமா? அவளுக்கென்று தனியாக ஒரு திறமை இருப்பதாகத் தெரியவில்லை. சாயங்காலம் ஐந்தரை வரை கோ-கோ கிரவுண்டில் நிற்கிறாள். டீமில்கூட இல்லை. ஸ்கோர் எழுதுகிறாளாம். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. அவளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ரோபோட்டிக்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கீபோர்டு நல்லதுதான், பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருந்தால். என்.சி.சி. கேம்ப்புக்குத் தாராளமாக அனுப்புங்கள், பெண்களோடு பெண் அதிகாரிகள் போவார்கள். போலீஸ் வேலைக்கான தேர்வில் அந்தச் சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அதுதானே வேண்டும். புத்தகத்துக்கு இன்னொரு நாள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ‘டீமில்கூட இல்லை’ என்ற வரி. அந்தக் ‘கூட’.

போன மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினேழு நடனம். கேடயம் கொடுத்துக் கொடுத்துத் தோள்பட்டை வலித்தது. மேடை ஓரத்தில் ஒரு பையன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். ஒவ்வொரு நடனம் முடிந்ததும் திரையை இழுப்பது அவன் வேலை. நடுவில் கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. பையன் ஸ்டூலில் ஏறி, கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சிக்கை எடுத்துவிட்டு இறங்கினான். கீழே யாருக்கும் தெரியாது. கடைசியில் குரூப் போட்டோ எடுத்தபோது அவனைக் காணோம். கேட்டேன். “அவனா, அவன் சும்மா ஹெல்ப்புக்கு சார்” என்றார் ஹெட்மாஸ்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் ‘சும்மா’தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது உங்கள் ‘கூட’ வந்து சேர்ந்திருக்கிறது.

நானும் டீமில் இல்லாதவன்தான் எஸ். 1983-ல் ஒன்பதாம் வகுப்பு. ஓட்டத்தில் கடைசி. கபடியில் தொட்டதும் விழுந்துவிடுவேன். பாட்டு வராது, பேச்சுப் போட்டியில் இரண்டாவது வரியோடு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, “டேய், இந்தக் கயிற்றைப் பிடி” என்றார். அன்றிலிருந்து மூன்று வருடம் டிராக் போடுவது என் வேலை ஆனது.

எங்களுடையது 200 மீட்டர் டிராக். இரண்டு பக்கமும் வளைவின் நடுவில் முளை அடித்து, கயிற்றை மாட்டி, மறுமுனையில் ஆணியைக் கட்டி, தரையைக் கீறிக்கொண்டே அரைவட்டம் வர வேண்டும். கயிறு தொய்ந்தால் கோடு நெளியும். பின்னாலேயே சுண்ணாம்புத் தூள், ஓட்டை போட்ட கொட்டாங்கச்சியில். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் சாயங்காலத்துக்குள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். முழங்கால் வரை வெள்ளையாக வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்தி வாளித் தண்ணீரை ஊற்றுவார்.

லேன், அதாவது ஒருவன் ஓடுகிற பாதை, அதன் அகலம் 4 அடி. ஒரு முழுச் சுற்றுப் பந்தயத்தில் வெளிலேன்காரன் அதிக தூரம் ஓட வேண்டி வரும், அதனால் அவனை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு முன்னால்? லேனுக்கு 25 அடி. பை (π) என்கிற 3.14-ஐ இரண்டால் பெருக்கி, லேன் அகலம் நாலால் பெருக்கினால் அதுதான் வரும். இரண்டாவது லேனுக்கு மட்டும் 23 அடி. முதல் லேன்காரன் உள்விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி ஓடுவதாகவும், மற்றவர்கள் தங்கள் கோட்டிலிருந்து 8 அங்குலம் தள்ளி ஓடுவதாகவும் கணக்கு. பெரிய மைதானத்தில் 400 மீட்டர் டிராக் போட்டால் இந்த 25 அடி 50 அடி ஆகும் என்று நான் அடித்துச் சொன்னேன். சார் மறுத்துப் பேசவில்லை. கயிற்றைப் பாதியாக மடித்துக் கையில் கொடுத்து, சின்னதாக ஒரு டிராக் போடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். போட்டேன். உள்கோட்டின் மேல் கயிற்றைப் படுக்க வைத்து அளந்தேன், அப்புறம் வெளிக்கோட்டின் மேல். வித்தியாசம் அதே 25 அடி. நம்பாமல் திரும்ப அளந்தேன். மைதானம் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் லேன் அகலம் மாறாதவரை அது மாறாது. இருட்டும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இதை வைத்து விளையாடினால் கணக்கு வரும் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் என் கணக்கு மார்க் 43.

விழா அன்று காலையில் மாடு ஒன்று உள்ளே புகுந்து வளைவை மிதித்துவிட்டது. ஏழு மணிக்கு சைக்கிளில் ஆள் அனுப்பி என்னை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பள்ளிக்கூடம் என்னைத் தேடி ஆள் அனுப்பியதில்லை.

அதே பள்ளியில் ஒரு கணக்கு வாத்தியாரும் இருந்தார். பி.டி. பீரியட் மணி அடிக்கும்போது சாக்பீஸோடு வகுப்பு வாசலில் நிற்பார். “இன்னிக்கு ஒரு நாள் கடன் குடுங்க சார்” என்பார். வாரத்துக்கு இரண்டு பீரியட்தான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எங்களுக்கு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. நாங்கள் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு ஓடத் தயாராக நிற்போம், மறுபடியும் மாட்டிக்கொண்டு உட்காருவோம். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமா இல்லையா? எந்த ஊரிலாவது, எந்தக் காலத்திலாவது, ஒரு கணக்கு வாத்தியார் பி.டி. சாரிடம் வந்து, “உங்களுக்கு நாலு பீரியட் பாக்கி இருக்கு, இந்தாங்க” என்று கொடுத்ததாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சட்டமன்றத்தில்கூட இதைப் பேசிவிட்டார்கள். சிரித்தார்கள். அடுத்த வாரமும் கடன் போயிருக்கும்.

நான் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று என் வீட்டில் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மகளிடம் இன்றைக்கு ஒன்று கேளுங்கள்: இந்த வாரம் பி.டி. நடந்ததா, டிராயிங் நடந்ததா? நடக்கவில்லை என்பாள், பந்தயம் கட்டுகிறேன். பகலில் டைம் டேபிளிலிருந்து பிடுங்கியதைத்தான் சாயங்காலம் வேறு பெயர் வைத்து 4,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். நீங்களும் புடவைக் கடையில் நிற்பதுபோல எது நிறம் போகாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அரசுப் பள்ளி மட்டும் வாழ்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பேரை அப்படி எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். மீதி நாளில் அவர் என்ன சாப்பிடுவார் என்று யாரும் கேட்கவில்லை. பணி நிரந்தரம் கேட்டு எத்தனையோ முறை சென்னையில் போய் உட்கார்ந்தார்கள். மூன்று அரைநாள் வருகிறவரால் எந்தப் பிள்ளை ஓரமாக நிற்கிறது என்று எப்படிப் பார்க்க முடியும்? எங்கள் பி.டி. சார் காலை ஏழிலிருந்து இருட்டும்வரை அங்கேயே கிடந்தவர். அதனால்தான் நான் அவர் கண்ணில் பட்டேன்.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம், பறை அடிக்கிற பையனுக்கும் மேடை கிடைக்கிறது. ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம், வெளிநாட்டுப் பயணம். ஜெயித்தவர்களுக்கு, சரிதான். திரை இழுக்கிறவனுக்கு?

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஐந்து வகுப்பின் பெயரையும் கட்டணத்தையும் எழுதினீர்கள். மகள் எதைக் கேட்டாள் என்று ஒரு வரி இல்லை. திறமை இல்லை என்று அவள் காதுபடச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இன்றைக்கே போய்ச் சரிசெய்யுங்கள். மார்க் குறைந்தால் குறையட்டும் என்று எழுத எனக்கும் வீரம் வரவில்லை. என் மகன் பிளஸ் ஒன் போன வருடம் அவன் கிரிக்கெட் மட்டையைப் பரண் மேல் தூக்கிப் போட்டவன் நான்தான். இரண்டு வருடம்தான் என்றேன். அவனுக்கு இப்போது முப்பது வயது. மட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதனால் உங்களைத் திட்டும்போது பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

கோ-கோவுக்கு ஸ்கோர் எழுதுவதை என்றைக்காவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அணி துரத்துகிற ஒரு டர்ன் 9 நிமிடம். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க ஒருவர் துரத்துவார், ‘கோ’ சொல்கிற ஒவ்வொரு முறையும் துரத்துகிற ஆள் மாறிவிடுவார். ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். யார் யாரைத் தொட்டது, எத்தனையாவது நிமிடத்தில் என்று புழுதிக்குள்ளே பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். குனிந்து எழுதும் நேரத்தில் இரண்டு பேர் அவுட் ஆகியிருப்பார்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்து ஆண்கள், பெண்கள் இரண்டையும் இந்தியாவே வென்றது. அங்கேயும் மேஜையில் ஒருத்தர் உட்கார்ந்து எழுதித்தான் இருப்பார்.

சுற்றறிக்கையை அவளிடம் கொடுங்கள், அவளே டிக் அடிக்கட்டும். ஒன்றும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் டேர்முக்கு 8,000 ரூபாய் மிச்சம். ஐந்தரை மணிக்கு ஒருநாள் நீங்களே கிரவுண்டுக்குப் போய் அழைத்து வாருங்கள், கொஞ்சம் முன்னதாகவே. அப்புறம் எனக்கு ஓர் உதவி. அவள் எழுதிய ஸ்கோர் ஷீட் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு பேர் அவுட் ஆனால் நேரத்தை எப்படிக் குறிக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.