குறுக்கே பேசுவதும் காத்திருப்பதும்

வணக்கம். எனக்குத் திருமணமாகி இரண்டு வருடமாகிறது. கணவர் வேறு மொழிக்காரர். எங்கள் வீட்டில் ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடிப்பார். அப்படியே பேசிப் பழகிவிட்டோம். இவரோ நான் முடித்த பிறகும் கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுத்தான் வாய் திறப்பார். காதில் வாங்குகிறாரா என்றே சந்தேகமாக இருக்கும். "என்னைப் பேசவே விடமாட்டேன்கிறாய்" என்பது அவர் குறை. இது கலாச்சார வித்தியாசமா, எங்களுக்குள் ஒத்துப்போகவில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒத்துப்போகவில்லை என்ற முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பத்து மொழிகளில், ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு முன் விழும் இடைவெளியை மொழியியலாளர்கள் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். சராசரியில் ஜப்பானியருக்கு இடைவெளி இல்லை என்றே சொல்லலாம். டேனிஷ்காரர்களுக்குக் கிட்டத்தட்ட அரை வினாடி. மிக வேகமான மொழிக்கும் மிக நிதானமான மொழிக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். அந்த அரை வினாடியிலேயே நமக்கு மனசு கசந்துவிடுகிறது.

மொழி மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். டெபோரா டானன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1978-இல் ஒரு விருந்தில் நண்பர்கள் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். நியூயார்க்கில் வளர்ந்தவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினார்கள். அவர்களுக்கு அது ஈடுபாடு. மற்றவர்களுக்கோ உள்ளே நுழையவே இடம் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். "என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். அவர் யோசித்து வாயெடுப்பதற்குள், "சரி விடுங்க, நானே பார்த்துக்கிறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். அடுத்த முறை அவர் இன்னும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நிரப்ப நீங்கள் இன்னும் வேகமாகப் பேசுகிறீர்கள். இரண்டு பேருமே நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள், அதனாலேயே இது முற்றிக்கொண்டு போகிறது.

சண்டை இல்லாத ஒரு நாளில் இதை அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசுவது ஆர்வத்தில்தான் என்று அவருக்குத் தெரியட்டும். யோசிக்கிறேன் என்பதை ஒரு 'ம்'மாவது போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்களும் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அடுத்த வார்த்தையை எடுக்காதீர்கள். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும். கோபத்தில் நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதையோ, மட்டம் தட்டிப் பேசுவதையோ 'எங்கள் வழக்கம் இது' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், அதை வேறு விதமாகப் பேச வேண்டும்.