புரூஸ் ஏம்ஸும் அவருடைய சோதனையும்: கேள்வி பதில்

டிஎன்ஏ சேதம், நச்சியல் என்றதும் முதலில் காதில் விழும் பெயர் புரூஸ் ஏம்ஸ் (1928–2024). அமெரிக்காவின் பெர்க்லியில் பணியாற்றியவர். ஒரு பொருள் டிஎன்ஏவில் மாற்றத்தை உண்டாக்குகிறதா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் 'ஏம்ஸ் டெஸ்ட்' அவர் உருவாக்கியதுதான். நச்சியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் அவரைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். என் பதில்கள் இங்கே.

பயோடெக் மாணவர்: அக்கா, பாடத்தில் ஏம்ஸ் டெஸ்ட் ஒரே பத்தியோடு முடிந்துவிட்டது. பாக்டீரியா வளர்க்கும் ஆய்வகத் தட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

சால்மொனெல்லா பாக்டீரியா தனக்கு வேண்டிய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்கான மரபணு பழுதான ஸ்ட்ரெய்ன்களைத்தான் (பாக்டீரியா வகைகளை) ஏம்ஸ் எடுத்துக்கொண்டார். ஹிஸ்டிடின் மிகக் கொஞ்சமாக உள்ள தட்டில் அவை சில தடவை பிரிந்துவிட்டு நின்றுபோகும். நாம் சோதிக்கும் பொருள் டிஎன்ஏவைத் தாக்கினால், சில செல்களில் இன்னொரு பிறழ்வு (டிஎன்ஏ மாற்றம்) நேர்ந்து அந்த மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அந்த செல்கள் மட்டும் காலனியாக வளரும். 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துவிட்டு எண்ண வேண்டியதுதான்.

பொருள் எதுவும் போடாத தட்டிலும் காலனி வரும். டிஏ100 ஸ்ட்ரெய்னில் நூறைத் தாண்டி வருவதுகூடச் சாதாரணம். அதனால் கண்ட்ரோல் தட்டோடு ஒப்பிடாமல் எதையும் சொல்ல முடியாது. காலனிகளுக்குப் பின்னால் மெல்லிய படலம் ஒன்று பரவியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் பொருள் பாக்டீரியாவையே கொன்றுவிட்டது என்று அர்த்தம். அந்தத் தட்டின் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

பள்ளி ஆசிரியர்: பாக்டீரியாவுக்கு ஈரல் கிடையாதே. மனிதருக்கு அது எப்படிப் பொருந்தும்?

சரியான கேள்வி சார். பல பொருட்கள் அப்படியே இருந்தால் சாது. ஈரல் நொதிகள் அவற்றை மாற்றும்போதுதான் டிஎன்ஏவில் ஒட்டும் வடிவம் பிறக்கிறது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் அப்படிப்பட்டதுதான். எலி ஈரலை அரைத்து, சுழற்றி எடுத்த மேல்திரவத்தைத் தட்டில் சேர்த்தார் ஏம்ஸ். அதற்குத்தான் எஸ்9 என்று பெயர். 1973இல் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் புற்றுநோய்க் காரணிகளைத் தேட எல்லாரும் இந்தச் சோதனையை நாடினார்கள்.

இரண்டு குழந்தைகளின் அம்மா: குழந்தைகளின் இரவு உடையில் விஷம் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

உண்மைதான் அம்மா. அமெரிக்காவில் 1970களில் குழந்தைகளின் தூக்க உடை எளிதில் தீப்பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. அதற்காகத் துணியில் ட்ரிஸ் என்ற புரோமின் சேர்மத்தை ஏற்றினார்கள். துணியின் எடையில் சுமார் 5 சதவீதம்! 1977 ஜனவரியில் வேதியியலாளர் ஆர்லீன் ப்ளூமும் ஏம்ஸும் அது பிறழ்வை உண்டாக்குகிறது என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஏப்ரலில் தடை வந்தது. அந்த உடையைப் போட்ட குழந்தைகளின் சிறுநீரிலேயே ட்ரிஸ் உடைந்து உண்டாகும் பொருள் இருந்ததை அடுத்த வருடம் காட்டினார்கள். அதற்குப் பதிலாக வந்த குளோரின் ட்ரிஸும் பிறழ்வுக் காரணிதான் என்று தெரிந்தது. ஒன்றைத் தடை செய்தால் அதன் தம்பியைக் கொண்டுவரும் இந்த வழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

அழகு நிலையம் நடத்துபவர்: ஹேர் டையையும் சோதித்தாரா?

சோதித்தார். 1975இல் கடையில் விற்ற 169 டைகளில் 150 பாசிட்டிவ், அதாவது பிறழ்வை உண்டாக்கின. அந்தக் காலத்துக் கலவைகள் அவை. இன்றைய டைகளுக்கு அதே எண்ணைச் சொல்லக் கூடாது.

இயற்கை விவசாயி: பிற்காலத்தில் பூச்சிமருந்துக்கு ஆதரவாகப் பேசினாராமே. விலைபோய்விட்டாரா?

ஐயா, அவரை அப்படித் திட்டியவர்கள் அப்போதே நிறைய. சக ஆய்வாளர் லோயிஸ் கோல்டுடன் சேர்ந்து விலங்குச் சோதனை முடிவுகளைத் தொகுத்தபோது அவர் கண்டது இது: எலிக்குத் தாங்கும் அளவின் உச்சத்தில் கொடுத்தால், சோதித்த செயற்கைப் பொருட்களில் ஏறக்குறைய பாதி புற்றுநோய் உண்டாக்குகின்றன. செடிகளே உண்டாக்கும் பொருட்களிலும் அதே பாதி. அமெரிக்கர்கள் சாப்பிடும் பூச்சிக்கொல்லிகளில், எடைக் கணக்கில், 99.99 சதவீதம் செடிகள் தற்காப்புக்காகத் தாமே தயாரிப்பவை என்று 1990இல் எழுதினார். பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லை வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள், எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள் என்பதுதான் அவர் வாதம். தன் சோதனையே பயத்தைக் கிளப்பியபோது அதை எதிர்த்துப் பேசினாரே, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கு சாப்பாட்டுத் தட்டில் விழும் காய்கறியைப் பற்றியது. வயலில் முகமூடி இல்லாமல் மருந்தடிப்பவரின் உடம்பில் ஏறும் அளவு வேறு. அதற்கு இந்த வாதத்தைச் சாக்காகக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

மருந்து நிறுவன ஊழியர்: இன்னும் இது தேவையா? நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

தேவை. மருந்தில் கலந்திருக்கும் மாசு பிறழ்வுக் காரணியா என்று முடிவு செய்ய இன்றும் முதல் சோதனை இதுதான். பாசிட்டிவ் என்றால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மருந்தில் பொதுவான வரம்பு நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம். நைட்ரோசமைன்கள் என்ற மாசு வகையில் பலவற்றுக்கு இதைவிடக் கடுமை. நைட்ரோசமைன்களைச் சோதிக்கும்போது எலி ஈரல் எஸ்9உடன் ஹாம்ஸ்டர் ஈரல் எஸ்9உம் போட்டுப் பாருங்கள்.

நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) புற்றுநோய் தருவது உறுதி, ஆனால் வழக்கமான ஏம்ஸ் தட்டில் அது பிடிபடாது. ஹார்மோன் வழியாக வேலை செய்பவையும் அப்படித்தான்.

முதல் மாணவர் மறுபடியும்: கல்லூரி லேபில் செய்து பார்க்கலாமா?

செய்யலாம் தம்பி. ஏம்ஸ் காப்புரிமை வாங்காமல், கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் ஸ்ட்ரெய்ன்களை அனுப்பிவைத்தவர். சோதனை உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் பெரிய காரணம். ஆனால் இது சால்மொனெல்லா. வழிகாட்டியின் மேற்பார்வையும் பயோசேஃப்டி ஏற்பாடும் இல்லாமல் தொடாதே. பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு, அதாவது பிறழ்வு நிச்சயம் வரும் என்று தெரிந்து ஒப்பிடுவதற்காக, போடும் சோடியம் அசைடு கொடிய விஷம். மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பு சேரும். தனி டப்பாவில் சேர்த்து, பெயர் எழுதி, ரசாயனக் கழிவு எடுப்பவரிடம் கொடு.