‘சாப்பிடுறார்’ என்று ஏன் சொல்கிறீர்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, இரைப்பைப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. நாலு மாதத்தில் 66 கிலோவிலிருந்து 55 ஆகிவிட்டார். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளுகிறார். டாக்டர் கேட்டால் அம்மா ‘சாப்பிடுறார்’ என்று சொல்லிவிடுவார், நானும் விட்டுவிடுவேன். வீட்டில் அதட்டித்தான் ஊட்டுகிறோம். இவர் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது? – பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: ‘நானும் விட்டுவிடுவேன்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள், தம்பி! அம்மா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று புரிகிறது. புருஷன் சாப்பிடவில்லை என்றால் சமைத்தவளைத்தான் குறை சொல்வார்கள் என்று காலமெல்லாம் பயந்தே பழகியவர். அவரை விடுங்கள், நீங்கள் எதற்குக் கூடப் போகிறீர்கள்? ஃபைல் தூக்கவா? அப்பாவால் சொல்ல முடியாததை எடுத்துச் சொல்லத்தான் பிள்ளை கூடப் போவது.

ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தாலே டாக்டர்கள் அதைத் தனிப் பிரச்னையாகப் பார்க்கிறார்கள், கேக்கெக்சியா என்று பெயர். உங்கள் அப்பாவுக்கு 16 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. நோயே உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பி, பசியை அடக்கி, தசையைக் கரைக்கிறது. இதில் பிடிவாதம் எங்கே வந்தது? சோற்றை மட்டும் கூட்டி இதைத் திருப்ப முடியாது, அதட்டினால் சாப்பாட்டு வேளையைக் கண்டாலே அவருக்குப் பயம்தான் வரும். தசை போனால் கீமோவையும் உடம்பு தாங்காது. காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் எடை மெஷினையும் நம்ப முடியாது, தொடை இளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை நாலு மாத எடையையும் எழுதி டாக்டர் மேஜையில் வையுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், வலி, நாலு வாயிலேயே வயிறு நிறைவது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. டயட்டீஷியனிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது பொதுக்கணக்கு, அதாவது அப்பாவுக்கு நாளைக்கு 66 கிராமாவது வேண்டும், ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். ரசமும் கஞ்சியும் எந்த மூலைக்கு? முட்டை, தயிர், மீன், பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஆறேழு வேளையாக. முடிந்த அளவு நடக்கவும் வையுங்கள், படுத்தே கிடந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும்.

அப்புறம், ஓலன்சபின் என்ற மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றுக்குக் கீமோ எடுத்த 124 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. தினம் 2.5 மில்லிகிராம் வீதம் 12 வாரம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது, டம்மி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே என்று வீட்டில் யாராவது கூச்சல் போட்டால் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் அப்பாவுக்கு ஒத்துவருமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.