கையெழுத்தான ஒப்பந்தம் வருமானம் ஆகுமா?

கேள்வி: இந்தோனேசியாவில், பெகாசியில் பேக்கிங் இயந்திரங்களை விற்றுப் பராமரித்தும் தரும் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். ஆண்டு விற்றுமுதல் 5,800 கோடி ரூப்பியா. இந்த ஆண்டு 190 கோடி நட்டம் வரும் போலிருக்கிறது. நவம்பர் கடைசியில் ஓர் உணவுத் தொழிற்சாலையோடு 3 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டோம். மொத்தம் 720 கோடி, மாதம் 20 கோடி வீதம். வேலை ஜனவரியில்தான் தொடங்கும். முன்பணம் 72 கோடி வந்துவிட்டது. மார்ச்சில் வங்கிக் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், 720 கோடியையும் இந்த ஆண்டு வருமானத்தில் சேர்க்கச் சொல்கிறார் இயக்குநர். சேர்க்கலாமா சார்? கூடாதென்றால் அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: சேர்க்கக் கூடாது. இந்த ஒப்பந்தத்திலிருந்து இந்த ஆண்டு வருமானத்துக்குப் போக வேண்டிய தொகை பூஜ்யம். உங்களைப் போன்ற தனியார் நிறுவனங்களுக்கு 2025 ஜனவரி முதல் சாக் ஈபி கணக்குத் தரம் நடைமுறையில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு பெசாக் 115 என்ற தரம். எதை எடுத்தாலும் பதில் ஒன்றுதான்: வேலை செய்தால்தான் வருமானம். நீங்கள் இன்னும் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கவில்லை.

வந்த 72 கோடியை வங்கிக் கணக்கில் பற்று வையுங்கள். எதிர்ப்பக்கம் அது பொறுப்பாக, அதாவது முன்கூட்டிப் பெற்ற வருமானமாக நிற்கட்டும். ஜனவரியிலிருந்து மாதம் 20 கோடி வருமானம் எழுதுங்கள். அதில் 2 கோடி முன்பணத்திலிருந்து கழியும், 18 கோடிக்கு பில் போடுவீர்கள். 36 மாதத்தில் முன்பணம் தீர்ந்துவிடும். கணக்கு வேலை அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

அதற்கு முன் கருடா விமான நிறுவனத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இயக்குநருக்கும் அது தெரிந்திருக்கும், ஜகார்த்தாவில் அப்போது டீக்கடையிலும் அதே பேச்சு. 2018 அக்டோபர் 31 அன்று கருடாவின் துணை நிறுவனமான சிட்டிலிங்க், மஹாதா ஏரோ டெக்னாலஜி என்ற நிறுவனத்தோடு விமானங்களில் வைஃபை பொருத்த 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து வர வேண்டிய சுமார் 24 கோடி டாலரை மொத்தமாக அந்த ஆண்டுக் கணக்கிலேயே ஏற்றினார்கள். பெரும் நட்டத்தில் இருந்த கருடா, ஏறத்தாழ 50 லட்சம் டாலர் லாபம் காட்டியது.

2019 ஏப்ரல் பொதுக்குழுவில் இரண்டு பேர் முரண்டு பிடித்தார்கள். இந்தோனேசியாவில் நிறுவனத்தை நடத்துவது ஒரு குழு, கொமிசாரிஸ் என்று மேற்பார்வை பார்ப்பது இன்னொரு குழு. அந்த மேற்பார்வைக் குழுவில் இருந்த சைரல் தஞ்சுங், டோனி ஒஸ்காரியா இருவரும் ஆண்டறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துக் காரணத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். பணமே வரவில்லை, பிறகு எப்படி இது வருமானம் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். அந்த ஜூன் இறுதியில் நிதிச் சேவைகள் ஆணையமான ஓஜேகே கணக்கைத் திருத்தச் சொல்லி உத்தரவிட்டது. நிறுவனத்துக்கு 10 கோடி ரூப்பியா அபராதம், இயக்குநர்களுக்குத் தலைக்கு 10 கோடி. தணிக்கையாளரின் உரிமத்தை நிதி அமைச்சகம் 12 மாதம் நிறுத்திவைத்தது. திருத்திய கணக்கில் லாபம் போய், சுமார் 17.5 கோடி டாலர் நட்டம் வந்தது.

தொகையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தாலும், உங்கள் இயக்குநர் கேட்பது இதையேதான்.

அதற்காக அவரைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்த வரையில் இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் விற்பனையில் வளர்ந்து மேலே வந்தவர்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானாலே வேலை முடிந்த மாதிரி. ஓஜேகே 2022இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நிதிச் சேவைகளைப் பயன்படுத்துவோர் 85.10 சதவீதம், அவற்றைப் புரிந்துகொண்டவர்கள் 49.68 சதவீதம் என்று வந்தது. 2025இல் இந்த இடைவெளி 80.51க்கும் 66.46க்கும் எனக் குறுகியிருக்கிறது. அது பொதுமக்களைப் பற்றிய கணக்கெடுப்பு, நிறுவன முதலாளிகளைப் பற்றியது அல்ல. ஆனால் கடன் வாங்கத் தெரியும், இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாது என்ற நிலையை இயக்குநர் அறைகளிலும் நிறையவே பார்த்திருக்கிறேன்.

எனவே அவரிடம் கணக்குத் தரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். பணத்தைப் பற்றிப் பேசுங்கள். அவர் சொல்கிறபடி எழுதினால் 190 கோடி நட்டம் 530 கோடி லாபமாகும். கழிக்கப் பழைய நட்டம் ஏதும் இல்லையென்றால் 22 சதவீத வரி 116.6 கோடி. கையில் வந்திருப்பதோ 72 கோடி. வராத பணத்துக்கு, வந்த பணத்தைவிட அதிக வரி! இதைச் சொன்னதும் எந்த முதலாளியும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"வரிக்கு வேறு கணக்குக் காட்டலாமே" என்பார். இரண்டு புத்தகம் வைத்திருப்பது அங்கே பழைய பழக்கம். ஆனால் வங்கியே வருமான வரிப் படிவத்தின் நகலைக் கேட்கும், ஆக அங்கேயே மாட்டிக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. முன்பணத்துக்கு நீங்கள் மதிப்புக் கூட்டு வரி பில் போட்டாக வேண்டும், அதனால் மதிப்புக் கூட்டு வரிப் படிவத்தில் இந்த ஒப்பந்தத்துக்கு 72 கோடி இருக்கும். வருமானக் கணக்கில் 720 என்றால் 648 கோடி இடிக்கும். வரி அலுவலகம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை எகுவாலிசாசி என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடும். சரியாக எழுதினாலும் 72 கோடி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அது முன்பணம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒப்பீட்டுத் தாளை இப்போதே தயாரித்து வையுங்கள்.

அப்புறம், உங்கள் விற்றுமுதல் 5,000 கோடியைத் தாண்டுவதால், 2007ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 68ஆம் பிரிவின்படி தணிக்கை கட்டாயம். தணிக்கையாளர் ஒப்பந்தத்தைக் கேட்பார், தொழிற்சாலைக்கும் எழுதி உறுதி கேட்பார். அறிக்கை தவறாகவோ திசைதிருப்புவதாகவோ இருந்து யாராவது பாதிக்கப்பட்டால், இயக்குநர்களும் கொமிசாரிஸ்களும் கூட்டாகப் பொறுப்பு என்கிறது 69ஆம் பிரிவு. வங்கி அந்த 'யாராவது' ஆகலாம்.

இதையெல்லாம் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் சொல்லாதீர்கள். அசால் பாபக் செனாங் என்று இந்தோனேசியாவில் ஒரு சொல்வழக்கு உண்டு. ஐயா மனம் குளிர்ந்தால் போதும் என்று பொருள், நம்மூர் 'ஆமாம் சாமி' மாதிரி. அந்தச் சூழலில் சபையில் வரும் 'முடியாது' அவமானமாகிவிடும். தனியாகப் போய் ஒரே ஒரு தாளை மேசையில் வையுங்கள். இடப்பக்கம் அவர் சொன்ன கணக்கு, வலப்பக்கம் சரியான கணக்கு, இரண்டிலும் வரியும் கையிருப்பும் தனி வரியில். பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பின்னால் யாராவது கேட்டால் உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கூடவே அவருக்கு ஒரு வழியும் காட்டுங்கள், இல்லையென்றால் தாள் குப்பைக்குத்தான் போகும். மார்ச் வரை காத்திராமல் இப்போதே வங்கி அதிகாரியைப் பார்க்கச் சொல்லுங்கள். கடன் பத்திரத்தில் லாபம் அல்லது கடன் விகிதம் பற்றி நிபந்தனை இருந்து, அது மீறப்படும் போலிருந்தால், டிசம்பர் 31க்கு முன்பே எழுத்து மூலம் விலக்குக் கேட்பது நல்லது. ஆண்டு முடிந்தபின் கேட்டால் அந்தக் கடன் முழுவதையும் குறுகியகாலக் கடன் பக்கத்துக்கு மாற்ற வேண்டிவரலாம். நட்டத்தை நட்டமாகவே காட்டிவிட்டு, ஒப்பந்தத்தின் நகல், 36 மாதப் பண வரவு செலவு மதிப்பீடு, நிலுவைப் பட்டியல் மூன்றையும் கொடுங்கள். நட்டம் காட்டிய ஆண்டில் கடன் புதுப்பித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் பொய் பிடிபட்ட பிறகு புதுப்பித்துக்கொண்டவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

கிளம்பும் முன் ஒப்பந்தத்தின் ரத்துப் பிரிவைப் படியுங்கள். அநேகமாகக் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அபராதம் ஏதுமின்றி 30 நாள் முன்னறிவிப்பில் தொழிற்சாலை விலகிக்கொள்ளலாம் என்றிருந்தால், அது பெயருக்குத்தான் 3 ஆண்டு ஒப்பந்தம், உள்ளே மாதாமாதம் நீளும் ஏற்பாடு. அப்போது வங்கியிடம் 36 மாத மதிப்பீட்டைக் கொடுத்தாலும், அந்தப் பிரிவையும் அதே தாளில் குறிப்பிட்டுவிடுங்கள்.